பக்கத்து மனையில் பெரிய கட்டடம் வருகிறதா? சுற்றுச்சூழல் அனுமதி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்சென்னையில் ஏரிக்கரையை ஒட்டிய பகுதி எங்களுடையது. வருடத்துக்கு இரண்டு மூன்று பெரிய கட்டடங்களாவது எழும்புகின்றன. தகரத் தடுப்பு வைத்த மறுநாளே குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு போன் வர ஆரம்பித்துவிடும். பெரும்பாலும் ஒரே கேள்விகள்தாம் வரும். அவற்றையும், கோப்புகளைப் புரட்டிப் புரட்டி நாங்கள் கற்றுக்கொண்ட பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. வழக்கு என்று போனால் வழக்கறிஞரைத்தான் பார்க்க வேண்டும்.

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு என்கிறார்களே, அது எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

1986ஆம் வருடத்துச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையில் இருக்கிறது. முதல் அறிவிக்கை 1994இல் வந்தது. அதில் கட்டடங்கள் இல்லை. 2004இல் ஒரு திருத்தம் போட்டுத்தான் பெரிய கட்டுமானங்களை உள்ளே கொண்டுவந்தார்கள். இப்போது நடப்பில் இருப்பது 2006 செப்டம்பர் 14 தேதியிட்ட அறிவிக்கை. அதற்குப் பிறகு வந்த திருத்தங்களுக்குக் கணக்கே இல்லை. ஆகவே எங்காவது பழைய பிரதியைப் படித்துவிட்டுச் சண்டைக்குப் போகாதீர்கள்.

சுருக்கமாகச் சொன்னால், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட திட்டம் எதுவானாலும் வேலையைத் தொடங்கும் முன்பே சுற்றுச்சூழல் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். ‘முன்பே’ என்பதுதான் இதில் முக்கியம். நிலத்தைச் சுற்றி வேலி போட்டுப் பாதுகாக்கலாம். நிலத்தைச் சமன்படுத்துவதோ அஸ்திவாரம் தோண்டுவதோ கூடாது.

எங்கள் தெருவில் வரும் கட்டடத்துக்கு இது பொருந்துமா?

மூன்று மாடி, நான்கு மாடி வீடுகளுக்குப் பொருந்தாது. கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால்தான் இந்த அறிவிக்கை எட்டிப் பார்க்கும். நம் கணக்கில் அது சுமார் 2.15 லட்சம் சதுர அடி. சராசரி அளவு ஃபிளாட்டுகளாக வைத்தால் நூற்றைம்பதுக்குக் கொஞ்சம் முன்பின் வரும். 20,000 முதல் 1,50,000 சதுர மீட்டருக்குள் இருப்பவை அட்டவணையில் 8(அ) என்ற இனத்தில் வரும். 1,50,000 சதுர மீட்டரோ அதற்கு மேலோ கட்டினாலும், 50 ஹெக்டேருக்குக் குறையாத பரப்பில் நகரியம் அமைத்தாலும் 8(ஆ). முதல் வகைக்குப் படிவங்களும் கருத்துரு வரைபடமும் போதும். இரண்டாம் வகைக்கு முழு மதிப்பீட்டு அறிக்கை தயாரிக்க வேண்டும்.

பில்டர் ‘எங்களுடையது 18,000 சதுர மீட்டர்தான்’ என்கிறாரே?

எதைக் கூட்டி 18,000 என்கிறார் என்று கேளுங்கள். மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்று சொல்லும் தளப் பரப்புக் குறியீட்டுக்கு, அதாவது எஃப்எஸ்ஐக்குக் கணக்கில் வரும் பரப்பு வேறு, சுற்றுச்சூழல் அனுமதிக்கான கட்டுமானப் பரப்பு வேறு. முன்னதில் கார் நிறுத்துமிடம் போன்ற சிலவற்றுக்குக் கழிவு உண்டு. பின்னதில் எல்லாத் தளங்களிலும் கட்டப்பட்ட, மூடப்பட்ட பரப்பு முழுவதும் சேரும். அடித்தளமும், மோட்டார் அறை, ஜெனரேட்டர் அறை போன்ற சேவைப் பகுதிகளும் அதில் அடக்கம். இரண்டு அடுக்கு அடித்தளம் தோண்டும் கட்டடம் விளம்பரத்தில் 18,000 என்று இருந்தாலும் உண்மையில் 20,000ஐத் தாண்டியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

இதே தகராறு புனேயில் நடந்து உச்ச நீதிமன்றம் வரை போனது. கோயல் கங்கா டெவலப்பர்ஸ் வழக்கு என்று தேடினால் கிடைக்கும். வாங்கிய அனுமதி சுமார் 57,658 சதுர மீட்டருக்கு, கட்டியதோ சுமார் 1,00,000 சதுர மீட்டர். எஃப்எஸ்ஐயில் வராத பரப்பைச் சேர்க்கக் கூடாது என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. 100 கோடி ரூபாய், அல்லது திட்ட மதிப்பில் 10 விழுக்காடு, இரண்டில் எது அதிகமோ அதைக் கட்டச் சொல்லி 2018இல் தீர்ப்பு வந்தது.

ஒரே இடத்தை இரண்டு பெயரில் பிரித்து, தனித்தனித் திட்டம் என்று காட்டினால்?

நடக்கிற வேலைதான். அண்ணன் பெயரில் ஒன்று, தம்பி பெயரில் ஒன்று, நடுவில் ஒரே நுழைவாயில். பொதுச் சாலை, பொதுக் கழிவுநீர் நிலையம், ஒரே விளம்பரப் பலகை ஆகியவற்றைப் படம் எடுத்து வையுங்கள். ஒரே திட்டம்தான் என்று பின்னால் நிரூபிக்க இவைதாம் கைகொடுக்கும்.

வெறும் மனைப்பிரிவு போட்டு விற்கிறவர்களுக்கு?

50 ஹெக்டேர், அதாவது சுமார் 123 ஏக்கருக்குக் குறைவான மனைப்பிரிவு இந்த வலையில் விழாது. இது ஒரு பெரிய ஓட்டை என்பது என் எண்ணம். ஏரியின் நீர்பிடிப்பில் 40 ஏக்கர், 60 ஏக்கர் என்று பத்து லேஅவுட் வந்தால் வரத்துக்கால்வாய் மொத்தமும் சாலையாகிவிடும். ஆனால் ஒவ்வொன்றும் தனியாக வரம்புக்குள்தான் இருக்கும். அங்கே நமக்கு மிஞ்சுவது சிஎம்டிஏ எனப்படும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் அல்லது நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் மனைப்பிரிவு அனுமதி, நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று, திறந்தவெளி ஒதுக்கீடு ஆகியவைதாம்.

பள்ளி, கல்லூரிக் கட்டடங்களுக்கு விலக்கு உண்டாமே?

இப்போது இல்லை. தொழிற்கூடம், பள்ளி, கல்லூரி, விடுதி ஆகியவற்றுக்கு 2014 முதலே ஏதோ ஒரு வடிவில் சலுகை இருந்தது. 2025 ஜனவரி 29 அன்று அதைத் திரும்பவும் எழுதி ஓர் அறிவிக்கை வந்தது. அந்த விலக்கை உச்ச நீதிமன்றம் அதே வருடம் ஆகஸ்ட் 5 அன்று ரத்து செய்துவிட்டது. 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டினால் கல்விக்கு ஒரு நியாயம், வீட்டுக்கு ஒரு நியாயம் கிடையாது.

சிஎம்டிஏ அனுமதி இருக்கிறதே, அது போதாதா?

போதாது. அடிக்கடி குழப்பம் வருவது இங்கேதான். திட்ட அனுமதி என்பது பக்க இடைவெளி, உயரம், சாலை அகலம், எஃப்எஸ்ஐ போன்றவற்றைப் பார்ப்பது. சுற்றுச்சூழல் அனுமதி தனி. அதற்கும் மேலே, தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கட்டுவதற்கு முன் ஓர் இசைவு, குடியேறுவதற்கு முன் ஓர் இசைவு என இரண்டு வாங்க வேண்டும். இவை 1974ஆம் வருடத்து நீர்ச் சட்டத்தின்படியும் 1981ஆம் வருடத்துக் காற்றுச் சட்டத்தின்படியும் தரப்படுபவை. வெள்ளம் தேங்கும் இடமா என்று நீர்வளத் துறை சொல்வது இன்னொன்று. மலைப்பகுதி என்றால் ஹாகா எனப்படும் மலையிடப் பாதுகாப்புக் குழுமம்.

ஒன்று கையில் இருந்தால் மற்றவையும் இருப்பதாக அர்த்தமில்லை. கொச்சி அருகே மரடுவில் நான்கு அடுக்குமாடித் தொகுப்புகள் 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது நினைவிருக்கும். உள்ளாட்சியின் கட்டட அனுமதி அவற்றிடம் இருந்தது. கடலோர ஒழுங்குமுறை அனுமதிதான் இல்லை.

முடிவெடுப்பது யார்?

மாநில அளவில் இரண்டு அமைப்புகள். முதலாவது நிபுணர் மதிப்பீட்டுக் குழு. திட்டத்தைப் பரிசீலித்து, விளக்கம் கேட்டு, பரிந்துரை செய்யும். இரண்டாவது மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம். மூன்று பேர் கொண்டது. அனுமதி ஆணையில் கையெழுத்துப் போடுவது இதுதான். சைதாப்பேட்டை பனகல் மாளிகையில் இயங்குகிறது. குழுவின் பரிந்துரை வந்த 45 நாளுக்குள் ஆணையம் முடிவு சொல்ல வேண்டும்.

கருத்துக்கேட்புக் கூட்டம் எப்போது நடக்கும்? எல்லாரும் போகத் தயாராக இருக்கிறோம்.

மன்னிக்கவும், நடக்காது. 8(அ), 8(ஆ) இனக் கட்டடங்களுக்கும் நகரியங்களுக்கும் பொதுமக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்று அறிவிக்கையே விலக்கு அளித்திருக்கிறது. 1,000 ஃபிளாட் வந்து உங்கள் தெருவின் குடிநீர், சாக்கடை, போக்குவரத்து எல்லாவற்றையும் தலைகீழாக மாற்றினாலும் உங்களை ஒரு வார்த்தை கேட்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. இந்தச் சட்டத்தில் எனக்கு இருக்கும் பெரிய மனத்தாங்கல் இதுதான்.

கூட்டம் நடப்பது அனல் மின்நிலையம், துறைமுகம், பெரிய சுரங்கம் மாதிரித் திட்டங்களுக்கு. ஊர்ப்பக்கம் உறவினருக்கு உதவும் என்பதால் அதன் விதிகளையும் சொல்லிவிடுகிறேன். நடத்துவது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், தலைமை தாங்குவது மாவட்ட ஆட்சியர் அல்லது கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அவரது பிரதிநிதி. குறைந்தது 30 நாள் முன்னதாக ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் அறிவிப்பு வர வேண்டும். அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும். நடவடிக்கை முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும். முடிவில் பேசியதை எல்லாம் தொகுத்து, எல்லார் முன்னாலும் தமிழில் விளக்கிச் சொல்லி, அன்றைக்கே ஆட்சியர் கையெழுத்திட வேண்டும். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற நிபந்தனை இல்லை. எனவே ‘புறக்கணிக்கிறோம்’ என்று வெளியேறினால் கூட்டம் நடந்ததாகவே பதிவாகும். அதற்குப் பதிலாக உள்ளே உட்கார்ந்து, எழுதிக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டு வருவதே மேல்.

சரி, கட்டடத்துக்குக் கூட்டம் இல்லை. அப்புறம் எங்களால் என்னதான் செய்ய முடியும்?

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ‘பரிவேஷ்’ இணையத்தளத்தைத் திறந்து பாருங்கள். விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து திட்டத்தின் பெயர், ஊர், புல எண், பரப்பு, இணைத்த ஆவணங்கள் எல்லாம் அங்கே ஏறத் தொடங்கும். நிபுணர் குழுவின் கூட்ட நிரலும் குறிப்புகளும் வெளியாகும். உங்கள் திட்டம் அந்த நிரலில் வருவதற்கு முன்பே குழுவின் செயலருக்கு எழுத்தில் மனு கொடுங்கள். பதிவுத் தபாலும் மின்னஞ்சலும் இரண்டும் வேண்டும். குழுவில் இருப்பவர்கள் உங்கள் தெருவுக்கு வந்ததில்லை. கூகுள் படத்தில் காய்ந்த திடலாகத் தெரிவது கார்த்திகையில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும் இடம் என்பதை நீங்கள் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும்.

ஆவணத்தில் நான் முதலில் பார்ப்பது தண்ணீர்க் கணக்கு. 600 வீடு, வீட்டுக்கு 5 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று வைத்தால் 4,05,000 லிட்டர் வேண்டும். இது எங்கிருந்து வரும்? ‘குடிநீர் வாரியம்’ என்று எழுதியிருப்பார்கள். தருகிறோம் என்று வாரியம் எழுதிக் கொடுத்த கடிதம் பின்னால் இணைந்திருக்கிறதா? இல்லையென்றால் 12,000 லிட்டர் லாரி ஒரு நாளைக்கு 30க்கு மேல் உங்கள் தெருவுக்குள் வரப்போகிறது என்று பொருள்.

இரண்டாவது கழிவுநீர். வரும் தண்ணீரில் 80 விழுக்காடு கழிவாகத் திரும்பும் என்பது வழக்கமான கணக்கு. மேற்சொன்ன திட்டத்தில் தினம் 3,24,000 லிட்டர். சுத்திகரித்துக் கழிவறைக்கும் தோட்டத்துக்கும் பயன்படுத்துவோம் என்பார்கள். அடைமழையில் தோட்டத்துக்கு யார் தண்ணீர் விடுவது? மிச்சம் எங்கே போகும்? பாதாளச் சாக்கடை வராத பகுதியாக இருந்தால் இந்த ஒரு கேள்வியே ஆளை மடக்கிவிடும்.

மூன்றாவது மழைநீர். மனையில் எத்தனை அடி மண் கொட்டி உயர்த்துகிறார்கள் என்று வரைபடத்தில் மட்டங்களைப் பாருங்கள். பக்கத்துத் தெருவைவிட ஒரு மீட்டர் உயர்ந்தால் தண்ணீர் அந்தத் தெருவுக்குத்தான் வரும். 2015 டிசம்பரைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நான்காவது புல எண்கள். இதில்தான் எங்களுக்கு ஒருமுறை புதையல் கிடைத்தது. ஒரு திட்டத்தில் கொடுத்திருந்த எண்களை எங்கள் சங்கத்தில் ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர் புலப்படத்தோடும், வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டோடும் ஒப்பிட்டார். நடுவில் ஓர் எண் விடுபட்டிருந்தது. எடுத்துப் பார்த்தால் வாய்க்கால் புறம்போக்கு! ஏரிக் கலங்கலிலிருந்து உபரிநீர் போகும் போக்குக்கால்வாய். வரைபடத்தில் அது பூங்காவுக்குள் ‘அலங்கார நீரோடை’யாக மாறியிருந்தது. படங்களோடு மனு போட்டோம். குழு விளக்கம் கேட்டது. கால்வாயை அப்படியே விட்டு வரைபடத்தைத் திருத்திக் கொடுத்தார்கள். கட்டடம் நிற்கவில்லை, வந்துவிட்டது. ஆனால் கால்வாய் இருக்கிறது.

அறிக்கையைத் தயாரிப்பவருக்குச் சம்பளம் கொடுப்பதே பில்டர்தானே?

ஆமாம். அங்கீகாரம் பெற்ற ஆலோசனை நிறுவனங்கள்தாம் தயாரிக்கலாம். ஆனால் கட்டணம் தருவது திட்டம் போடுபவர்தான். வேறு மாவட்டத்துத் திட்டத்துக்கு எழுதியதை அப்படியே ஒட்டிப் பெயரை மட்டும் மாற்றியதை நானே பார்த்திருக்கிறேன். சென்னையில் இருக்கும் மனைக்கு மலையடிவார மண்வகை எழுதியிருந்தது. தாவரப் பட்டியல், பறவைப் பட்டியல் ஆகியவற்றைப் பொறுமையாகப் படியுங்கள். ஒட்டு வேலை அங்கேதான் பல் இளிக்கும்.

ஏரி, சதுப்பு நிலம், கடற்கரை பக்கத்தில் என்றால் தனி விதி உண்டா?

உண்டு. அதற்கு 20,000 சதுர மீட்டர் என்ற வரம்பும் கிடையாது.

கடலோர ஒழுங்குமுறை மண்டலம் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை நீளும். கழிமுகம், உப்பங்கழி போன்ற அலையேறும் நீர்நிலைகளின் கரையில், 2019 அறிவிக்கையின்படி, 50 மீட்டர் அல்லது அந்த நீர்நிலையின் அகலம், இரண்டில் குறைவானது. மனை எந்த வகைக்குள் வருகிறது என்பதைப் பொறுத்து என்ன கட்டலாம் என்பது மாறும்.

ராம்சர் எனப்படும் உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலங்களின் பட்டியலில் உள்ளவை, அறிவிக்கை செய்யப்பட்டவை ஆகிய சதுப்பு நிலங்களுக்கு 2017ஆம் வருடத்து விதிகள் உள்ளன. கடந்த பத்து வருடங்களில் கண்ட சராசரி உயர் வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டடம் கூடாது, படகுத்துறை தவிர. பள்ளிக்கரணை 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர். பட்டியலில் சேர்ந்தும் எல்லை எது என்று தரையில் அளந்து காட்டாததால் அனுமதிகள் தொடர்ந்து வந்துகொண்டிருந்தன. 2025 செப்டம்பரில், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, ஆய்வு முடியும்வரை அந்த எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் அனுமதி தரக் கூடாது என்றது. இந்தப் பகுதியில் வாங்குவதாக இருந்தாலும் விற்பதாக இருந்தாலும் அந்த வழக்கு இப்போது எந்த நிலையில் நிற்கிறது என்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

அனுமதி வாங்காமலே வேலையைத் தொடங்கிவிட்டார்கள். என்ன செய்வது?

தேதி தெரியும்படி படம் எடுங்கள். ஆணையம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர், ஆட்சியர் மூவருக்கும் ஒரே நாளில் புகார் அனுப்புங்கள். முன்பு 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தை மீறினால் ஐந்து வருடம் வரை சிறை என்று இருந்தது. 2024 ஏப்ரல் முதல் அது 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரை அபராதம் என்று மாறிவிட்டது. நூறு கோடித் திட்டத்துக்கு 15 லட்சம் ஒரு செலவா?

‘கட்டி முடித்த பிறகு அனுமதி வாங்கிக்கொள்ளலாமா’ என்ற கேள்வி நீதிமன்றத்தில் ஊஞ்சலாடுகிறது. கூடவே கூடாது என்று 2025 மே 16 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பை அதே வருடம் நவம்பர் 18 அன்று மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் திரும்பப் பெற்றது. ஆகவே ‘பின்னால் சரிசெய்துகொள்ளலாம்’ என்ற தைரியம் சிலருக்கு மறுபடி வந்திருக்கிறது.

அனுமதி கொடுத்துவிட்டார்கள். இனி ஒன்றும் செய்ய முடியாதா?

முடியும். ஆனால் நாள் கணக்கு கறாரானது. அனுமதி ஆணை தெரியவந்த 30 நாளுக்குள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேற்கொண்டு 60 நாள் வரை ஏற்பார்கள். 91ஆம் நாள் போனால் எவ்வளவு நியாயம் இருந்தாலும் கதவு திறக்காது. அனுமதி கிடைத்ததைப் பில்டர் இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் விளம்பரம் செய்ய வேண்டும். அந்த விளம்பரம் எட்டாம் பக்கத்தில் தீப்பெட்டி அளவில் வரும். அதனால் நாங்கள் வாரம் ஒருவர் என்று முறை வைத்துப் பரிவேஷைப் பார்க்கிறோம்.

தென்மண்டல அமர்வு சேப்பாக்கத்தில், தீ விபத்துக்குப் பின் புதுப்பித்த கலச மகாலில் நடக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். நீங்களே வாதாடவும் செய்யலாம், ஆனால் எதிர்ப்பக்கம் மூத்த வழக்கறிஞர் நிற்பார் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்த அனுமதி எத்தனை வருடம் செல்லும்?

கட்டுமானங்களுக்கு 10 வருடம். அதற்குள் நிபந்தனைகளை நிறைவேற்றிய விவரத்தை ஜூன் 1, டிசம்பர் 1 என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கையாகத் தர வேண்டும். அதையும் பொதுமக்கள் பார்க்கலாம்.

நான் அக்கம்பக்கத்துக்காரன் இல்லை, அங்கே ஃபிளாட் வாங்கப் போகிறவன். எனக்கு இதனால் என்ன?

உங்களுக்குத்தான் அதிகம். பில்டர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போன பிறகு அந்த நிபந்தனைகள் எல்லாம் உங்கள் சங்கத்தின் தலையில்தான் விழும். முக்கியமாகச் சுத்திகரிப்பு நிலையம். எங்கள் பக்கத்துத் தொகுப்பில் அது ஒரு வருடம்கூட ஒழுங்காக ஓடவில்லை. காற்றூதியின் மின்கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்று அணைத்து வைத்தார்கள். இரவு லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போனது. எங்கே கொட்டியது என்பதை ஏரியில் செத்து மிதந்த மீன் சொன்னது. வாரியத்தின் நோட்டீஸ் வந்தது பில்டருக்கு இல்லை, குடியிருப்போர் சங்கத்துக்கு.

முன்பணம் கொடுக்கும் முன் அனுமதி ஆணையின் நகலைக் கேளுங்கள். அதில் உள்ள கட்டுமானப் பரப்பு, வீடுகளின் எண்ணிக்கை, புல எண்கள் ஆகியவை திட்ட அனுமதியிலும் உங்கள் ஒப்பந்தத்திலும் இருப்பவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். சுத்திகரிப்பு நிலையத்தின் கொள்ளளவு, அதை ஓட்ட மாதம் எவ்வளவு ஆகும், பராமரிப்புத் தொகையில் அது சேர்ந்திருக்கிறதா என்பதை எழுத்தில் வாங்குங்கள். விற்பனைப் பிரிவில் இருப்பவர் நீச்சல் குளத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார். நீங்கள் மோட்டார் அறை எங்கே என்று கேளுங்கள்.